பெட்டி பதினேழில் பதினான்கு பேர்

கையெழுத்துப் போடமாட்டேன் என்று சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான், சத்தமாகவே சொல்லிவிட்டேன் என்று எனக்குத் தெரிந்தது. மேற்பார்வையாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் நல்ல மனிதர், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கதவைத் திறந்து பிடிப்பார். நான் அவர் காலை மிதித்தாலும் அவரே மன்னிப்புக் கேட்பார். அன்று அவர் நீட்டியது ஓர் அகற்றல் படிவம். கீழே இரண்டு கோடுகள் இருந்தன. ஒன்றில் அவர் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தார். மற்றது எனக்கு. இரண்டும் நிரம்பினால், பெட்டி பதினேழில் இருக்கிற பதின்மூன்று தாள்கள் வெள்ளிக்கிழமை வருகிற லொறியில் ஏறிக் கடதாசி அரைக்கிற இடத்துக்குப் போகும். அன்று செவ்வாய்க்கிழமை.

"இது வெறும் நடைமுறைதான்," என்றார் ஆங்கிலத்தில். "ஒரே மனு, ஒரே ஆள், பதினான்கு பிரதி. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை அகற்றுகிறோம். அலுமாரியில் இடமில்லை என்று உங்களுக்கும் தெரியும்."

"ஒரே ஆள் என்று யார் சொன்னது?"

"மேல் தாளிலேயே எழுதியிருக்கிறதே."

எழுதித்தான் இருந்தது. எழுதின ஆள் யார் என்றுதான் நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

நான் வேலை செய்த இடம் ஸ்காபரோவில் வெக்ஸ்போர்ட் பக்கம், கார் கழுவுகிற கடைக்குப் பின்னால் இருக்கிற ஒரு சாம்பல் நிறக் கட்டடம். ஒரு பல்கலைக்கழக நூலகத்தின் பழைய ஆவணங்களை அங்கே வைத்திருக்கிறார்கள். எந்தப் பல்கலைக்கழகம் என்று நான் சொல்லப்போவதில்லை. எட்டு மாத ஒப்பந்தம். மல்வேர்னிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போவேன். உள்ளே பேனை கொண்டுபோகக்கூடாது, பென்சில் மட்டும்தான். துருப்பிடித்த ஊசிகளைக் கழற்றவேண்டும், தாள்களை நிமிர்த்தவேண்டும், கோப்புறையில் வைக்கவேண்டும், ஒவ்வொன்றிலும் என்ன இருக்கிறது என்று இரண்டு வரி எழுதவேண்டும். எனக்குக் கிடைத்தது இருபத்திரண்டு பெட்டிகள். எல்லாம் வேல்ஸ் நாட்டில் இருந்த ஒரு பெரிய காணிக்காரரின் கடதாசிகள். அவருடைய பேத்தியின் மகள் ரொறன்ரோவில் இருக்கிறார். தன் கார்க் கொட்டிலில் கிடந்த பெட்டிகளை நூலகத்துக்குக் கொடுத்தவர் அவர்தான்.

வேல்ஸ் எங்கே இருக்கிறது என்று முதல் நாள் வரைபடத்தில்தான் பார்த்தேன். இங்கிலாந்தின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மூன்றாவது மாதம் வந்தபோது அந்த ஊரின் வம்பு வழக்கெல்லாம் எனக்கு அத்துப்படி. கோயிலில் எந்தக் குடும்பம் எந்த வாங்கில் உட்காருவது என்று இருபது வருடம் சண்டை பிடித்திருக்கிறார்கள். பள்ளிக்கூடத்துக்கு விறகு கொடுப்பது யார் என்று ஒரு சண்டை. தேர்தலில் காணிக்காரர் சொன்ன ஆளுக்கு வாக்குப் போடாதவனுக்கு அடுத்த மாதமே வீட்டை விடச் சொல்லிக் கடிதம். எல்லாவற்றுக்கும் மேலே, இங்கிலாந்து அரச முடிக்கு விசுவாசம் தெரிவிக்கிற வாழ்த்து மடல்கள். இளவரசர் பிறந்தால் ஒன்று, அவருக்குக் கல்யாணம் நடந்தால் இன்னொன்று. வாசிக்க வாசிக்க, இது நான் பிறந்த தீவுதானே, குளிர் மட்டும் கூட என்று நினைத்தேன்.

என் சிநேகிதிக்கு இந்த வேலை பிடிக்கவில்லை. "வெள்ளைக்காரன்ர கொட்டில் குப்பையைத் துடைக்கவோ நீ கனடாவுக்கு வந்தனி?" என்று கேட்டாள். அவள் பிறம்ரனில் ஒரு பண்டகசாலையில் லொறிகளுக்கு நேரம் குறித்து அனுப்புகிறவள். எதையும் முகத்துக்கு நேரே கேட்பாள். அவளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், அவள் இல்லாமல் இந்தக் கதை இல்லை.

பெட்டி பதினேழில் இருந்தவை மனுக்கள். எங்கள் ஊரில் மகஜர் என்று சொல்வோமே, அதேதான். மொத்தம் முப்பத்தொரு தாள். எல்லாத் தாளிலும் ஒரே வாசகம், ஒரே கை. எழுதத் தெரிந்த ஒருவர், அனேகமாக அவர்களுடைய போதகர், இருந்து எல்லாருக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறார். மாட்சிமை தங்கிய இராணியாருக்கு, தங்கள் பணிவான குடிகள் வணங்கி எழுதிக்கொள்வது. எங்கள் ஊருக்கு மேலே இருக்கிற மலை முடிக்குரிய காணி. எங்கள் பாட்டன் காலம் தொட்டு அங்கேதான் ஆடு மேய்க்கிறோம், அடுப்புக்குக் கரி மண் வெட்டுகிறோம். இப்போது காணிக்கார ஐயா அதை வாங்கி வேலி போடப் பார்க்கிறார். தயவுசெய்து விற்கவேண்டாம். அவ்வளவுதான். கீழே பெயர். பெயருக்குப் பக்கத்தில் கையெழுத்துக்குப் பதிலாக ஒரு புள்ளடி, எழுதத் தெரியாதவர்கள் போடுகிற பெருக்கல் குறி.

முடிக்குரிய காணி என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கனடாவுக்கு வர முதல் ஒன்றரை வருடம் ஊரில் ஒரு கந்தோரில் காணிப் பகுதியில் லிகிதராக இருந்தேன். அதே சொல், அதே பணிவு, அதே வணங்கி எழுதிக்கொள்வது. இராணி போய்க் கனகாலமாகியும் அந்த வசனங்கள் எங்கள் மேசையை விட்டுப் போகவில்லை. அதிகாரி ஒருவருக்கு எதிராக மகஜர் வந்தால் நாங்கள் என்ன செய்வோம் தெரியுமா? விளக்கம் கேட்டு அதே அதிகாரிக்கு அனுப்புவோம். அவர் 'விசாரித்தேன், உண்மையில்லை' என்று எழுதித் திருப்பி அனுப்புவார். கோப்பு மூடப்படும்.

இங்கேயும் அதேதான் நடந்திருக்கிறது. லண்டனுக்குப் போன மனுக்கள் விளக்கத்துக்காகக் காணிக்காரரின் காரியதரிசியிடம் திரும்பி வந்திருக்கின்றன. அவன் கையால்தான் மேல் தாளில் சிவப்பு மையில் எழுதியிருந்தது: இந்தப் பதினான்கும் ஒரே ஆள். ஒருவனே பதினான்கு தரம் புள்ளடி போட்டிருக்கிறான். பதில் தேவையில்லை. அந்தப் பதினான்கு தாளிலும் உண்மையாகவே ஒரே பெயர்தான். அந்தப் பெயரை இங்கே எழுதவில்லை. வேல்சில் அந்தப் பெயரில் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள் என்று மட்டும் சொல்கிறேன்.

நூற்றைம்பது வருடத்துக்குக் கிட்ட ஆகிவிட்டது. அந்தக் காரியதரிசி மண்ணாய்ப் போய்விட்டான். ஆனால் அவன் சிவப்பு மையில் எழுதினதைப் படித்துவிட்டு, இங்கே ஸ்காபரோவில் ஒரு நல்ல மனிதர் தலையாட்டிப் படிவத்தில் கையெழுத்துப் போடுகிறார். எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது.

"நீங்கள் இதைத் தனிப்பட்ட விதமாக எடுத்துக்கொள்கிறீர்கள்," என்றார் மேற்பார்வையாளர்.

"ஓமோம், அப்படித்தான் எடுக்கிறேன்," என்றேன். ஓமோம் மட்டும் தமிழில் வந்தது.

அவர் பெருமூச்சு விட்டார். வியாழக்கிழமை பெட்டிகளைக் கொடுத்த அம்மா வருகிறார், அதற்கிடையில் யோசித்துச் சொல்லுங்கள் என்றார். பிறகு கதவடியில் நின்று, இந்தச் சேகரிப்பு ஒழுங்காக முடிந்தால் அடுத்த ஒப்பந்தத்துக்கும் என் பெயரைத்தான் சொல்வதாக இருந்தார் என்றும் சொன்னார். வெருட்டியதாக நான் நினைக்கவில்லை. அவருக்கு வெருட்டத் தெரியாது. ஆனால் எனக்குக் காது கேட்கும்.

இப்போது என் சிநேகிதியைப் பற்றிச் சொல்லவேண்டும். அவளுக்கும் எனக்கும் ஒரே பெயர். எங்கள் தீவில் பங்குக் கோயிலின் பாதுகாவலியாக இருக்கிற புனிதையின் பெயர் அது. அந்தப் பங்கில் வீட்டுக்கு ஒரு பெண் பிள்ளைக்காவது அந்தப் பெயரை வைப்பார்கள். அவள் மன்னார்க் கரை. அங்கேயும் அதே புனிதைக்குத்தான் கோயில். தகப்பன்மாருக்கும் ஒரே பெயர், அதுவும் ஒரு புனிதர்தான். தகப்பன் பெயரைத்தானே நாங்கள் இங்கே குடும்பப் பெயரென்று எழுதிக் கொடுத்தோம். பிறந்த வருடமும் ஒன்றாய்ப் போய்விட்டது. ஊரில் இதெல்லாம் ஒரு பிரச்சினையே இல்லை. வளவுப் பெயரை, வீடு நிற்கிற காணியின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். நான் கிணத்தடி வளவு, அவள் மடத்தடி வளவு. முடிந்தது கதை.

இங்கே வந்த பிறகு, அம்மாவைக் கூப்பிட நான் விண்ணப்பம் போட்டேன். அதே மாதம் அவளும் தன் அம்மாவுக்குப் போட்டிருக்கிறாள். அம்மாமாருக்கு வேறு வேறு பெயர். அதை ஒருவரும் பார்க்கவில்லை. என்னுடையது இரட்டைப் பதிவு என்று மூடிவிட்டார்கள். மூடினதைச் சொல்லுகிற கடிதமும் அவளுடைய விலாசத்துக்குப் போனது.

கடிதத்தில் இருந்த என் அம்மாவின் பெயரைத் தீவுச் சனத்திடம் விசாரித்து எங்கள் வளவுப் பெயரை அறிந்துகொண்டாள். அவள் அந்தக் கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை முடியக் கோயில் வாசலில் நின்று அந்தப் பெயரைச் சத்தம் போட்டுக் கூப்பிட்டாள். ஐந்து பெண்கள் திரும்பிப் பார்த்தோம்.

"இதில கிணத்தடி வளவு ஆர்?" என்று கேட்டாள்.

"நான்தான்."

"இந்தா. உன்னை நானாக்கிப் போட்டாங்கள்."

அன்றிலிருந்து நாங்கள் சிநேகிதிகள். கோப்பைத் திரும்பத் திறப்பிக்க ஒரு வருடமும் சொச்சமும் எடுத்தது. நாங்கள் இரண்டு பேர் என்று நிரூபிக்க இரண்டு பேரும் ஒன்றாகப் போய் ஒரு கண்ணாடித் தடுப்புக்கு முன்னால் நின்றோம். அதற்குள் அம்மா கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் காத்திருந்து காத்திருந்து, அங்கேயே போய்ச் சேர்ந்துவிட்டா. பிறகு ஒரு மன்னிப்புக் கடிதம் வந்தது. இன்னும் வைத்திருக்கிறேன். அந்தக் கடிதத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை, முடியவும் வேண்டாம்.

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து பஸ்சில் இருந்தபடி அவளுக்குப் போன் எடுத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"அட கோதாரி," என்றாள். "செத்தும் விடமாட்டாங்களோ?"

"கையெழுத்துப் போடமாட்டன் எண்டு சொல்லிப் போட்டன். ஆனா என்னட்ட ஒரு ஆதாரமும் இல்லை. பதினாலு பேர்தான் எண்டு எப்பிடிச் சொல்லுறது? எல்லாம் புள்ளடி."

"அந்தத் தாள்களில பேரைத் தவிர வேற ஒண்டும் இல்லையோ?"

"கீழ மூலையில பென்சிலால ஒண்டு ரெண்டு சொல்லு கிடக்கு. வெல்ஷ் பாஷை. அடுக்கி வைச்ச ஆள் போட்ட குறிப்பெண்டு இவர் சொல்லுறார்."

"எல்லாத்திலயும் ஒரே சொல்லோ?"

"இல்லை," என்றேன். ஒரே சொல் இல்லை. தாளுக்குத் தாள் வேறு சொல்.

"அடி விசரி," என்றாள் அவள். "உன்ர ஊரிலயும் என்ர ஊரிலயும் ஒரே பேர்க்காரரைச் சனம் எப்பிடிப் பிரிச்சது? நாளைக்குப் போய் முதல் அதைப் பார். போனை வை, எனக்கு லொறி நிக்குது."

நான் இறங்கவேண்டிய தரிப்பைத் தாண்டி மூன்று தரிப்புப் போய்விட்டேன். சேற்றுப் பனியில் திரும்பி நடந்து வந்தேன். நடக்கும்போதுதான் அந்த நீளப் பட்டியல் ஞாபகம் வந்தது.

அந்தப் பட்டியல்தான் எங்கள் சேகரிப்பின் மாணிக்கம் என்று மேற்பார்வையாளர் சொல்லுவார். இராணி ஒருமுறை அந்த ஊருக்கு வந்திருக்கிறா. ரயில் நிலையத்திலிருந்து காணிக்காரரின் பெரிய வீடு வரைக்கும் குடிகள் எல்லாரும் தெருவோரம் நிற்கவேண்டும். யார் எந்த இடத்தில் நிற்பது, யார் பச்சைக் குழை கொண்டுவருவது, யாருடைய மகள்மார் வெள்ளைச் சட்டை போடுவது, எந்த வளைவில் தொப்பியைக் கழற்றுவது என்று ஒன்றும் விடாமல் காரியதரிசியே உட்கார்ந்து எழுதியிருக்கிறான். ஊரில் அமைச்சர் வருகிறார் என்று எங்களை வெயிலில் நிறுத்திக் கையில் கொடியைக் கொடுத்தவர்கள்கூட இவ்வளவு ஒழுங்காக எழுதியிருக்கமாட்டார்கள். மே மாதம் அந்த வருகையைப் பற்றி ஒரு கண்காட்சி வைப்பதாக இருந்தது. அதற்காக அந்தப் பட்டியலை இரண்டு கிழமைக்கு முன்னர்தான் நானே தட்டச்சுச் செய்திருந்தேன். ஒரே பெயர் திரும்பத் திரும்ப வருகிறதே, விரல் நோகுதே என்று முணுமுணுத்துக்கொண்டு செய்தேன்.

புதன்கிழமை காலையில் எல்லாருக்கும் முதல் போய்ச் சேர்ந்தேன். பட்டியலை நீள மேசையில் விரித்தேன். மனுக்களை ஒவ்வொன்றாகப் பக்கத்தில் வைத்தேன். வெல்ஷ் எனக்கு ஒரு எழுத்தும் தெரியாது. தெரியத் தேவையும் இல்லை. எழுத்துக்கு எழுத்துப் பார்த்தால் போதும். முதல் தாளின் மூலையில் இருந்த சொல், பட்டியலில் அதே பெயருக்கு நேரே இருந்தது. அவன் பாலத்துக்கு இடப்பக்கம் நிற்கவேண்டும், குழை கொண்டுவரவேண்டும். இரண்டாம் தாளின் சொல்லும் இருந்தது. அவன் ஆலைக்கு முன்னால், வண்டியோடு. மூன்றாவது, நாலாவது. அகராதியை எடுத்துப் பார்த்தேன். பாலத்தடி, மேல் வீடு, ஆலையடி. எல்லாம் வீட்டுப் பெயர். அவர்களுடைய வளவுப் பெயர்!

மேசையில் கையால் அடித்துவிட்டேன். பக்கத்து அறையில் வேலை செய்கிறவர் எட்டிப் பார்த்தார். ஒன்றுமில்லை என்று சொன்னேன்.

கைதட்டி வரவேற்கிறதுக்கு ஆள் தேவைப்பட்டபோது, அந்தக் காரியதரிசிக்கு ஒவ்வொருத்தனையும் வீட்டோடு, வாசலோடு, மகள் போடுகிற சட்டையோடு தெரிந்திருக்கிறது. அதே ஆட்கள் மலையைக் கேட்டபோது எல்லாரும் ஒருத்தனாகிவிட்டார்கள். அவன் தெரியாமல் எழுதவில்லை. லண்டனில் இருக்கிறவனுக்குத் தெரியாது என்று தெரிந்து எழுதியிருக்கிறான். பொய்யன். செத்துப்போனவனைத் திட்டக்கூடாது என்பார்கள். நான் நன்றாகத் திட்டினேன், தமிழில், வாய் நிறைய.

பதின்மூன்று தாளுக்கும் ஆள் கிடைத்தது. கடைசித் தாளில் இருந்த சொல் மட்டும் பட்டியலில் இல்லை. திரும்பவும் மேலேயிருந்து கீழே வந்தேன். பிறகுதான் கண்டேன். ஒரு வரியைக் கோடு போட்டு வெட்டியிருந்தது. தட்டச்சுச் செய்யும்போது வெட்டின வரியை விட்டுவிடுங்கள் என்று சொல்லியிருந்தார்கள், விட்டுவிட்டேன். விளக்குக்குக் கீழே பிடித்துப் பார்த்தேன். அதே பெயர். அதே வீட்டுச் சொல். பக்கத்தில் காரியதரிசியின் சின்ன எழுத்தில்: வீடு காலி.

கதிரையில் இருந்துவிட்டேன். மனுக் கொடுத்ததற்கும் இராணி வந்ததற்கும் நடுவில் அந்த ஒருத்தனை வீட்டை விட்டு எழுப்பிவிட்டார்கள். எங்கே போனானோ, பிள்ளை குட்டி இருந்ததோ, தெரியாது. இருபத்திரண்டு பெட்டியிலும் அவன் வெட்டுப்படாமல் இருக்கிற இடம் அந்த ஒரு தாள்தான். அடுக்கில் அது ஆகக் கீழே கிடந்தது. மேற்பார்வையாளர் வைத்துக்கொள்ளப் போனது ஆக மேலே இருந்த தாளை. நானும் ஒருக்கால் அவனை விட்டுத்தானே தட்டச்சுச் செய்தேன். அன்று நான் சாப்பிடவில்லை. அழுதேன் என்றே சொல்கிறேன், அதில் என்ன வெட்கம்.

வியாழக்கிழமை அந்த அம்மா வந்தார். எண்பதுக்குக் கிட்ட வயது, நிமிர்ந்த நடை, நல்ல கம்பளிக் கோட்டு. என்னிடம் கை கொடுத்து, தன் கொட்டில் தூசியால் எனக்குத் தும்மல் வரவில்லையே என்று கேட்டார். மேற்பார்வையாளர் அகற்றல் படிவத்தை மேசையில் வைத்தார். நான் அதற்கு மேலேயே பட்டியலை விரித்தேன்.

"ஒரு பத்து நிமிடம் தாருங்கள்," என்றேன். "ஒவ்வொருவராகக் காட்டுகிறேன்."

தாளை வைத்தேன். வீட்டுச் சொல்லைக் காட்டினேன். பட்டியலில் அதே சொல்லைக் காட்டினேன். இவர் பாலத்தடி என்றேன். இவர் ஆலையடி. புள்ளடியைப் பாருங்கள், இவர் பேனையை அழுத்திப் பிடித்துத் தாளைக் கிழித்திருக்கிறார். இவருக்குக் கை நடுக்கம். ஐந்தாவது ஆளோடு மேற்பார்வையாளரின் கழுத்துச் சிவந்துவிட்டது. எட்டாவது ஆளுக்கு அந்த அம்மா தன் விரலாலேயே பட்டியலில் தேடத் தொடங்கினார். கடைசித் தாளை வைத்து வெட்டின வரியைக் காட்டியபோது அவருடைய விரல் அந்தக் கோட்டிலேயே நின்றது.

"இவர் எங்கே போனார்?" என்று அந்த அம்மா கேட்டார்.

"தெரியாது. உங்கள் பெட்டிகளில் இல்லை."

"என் பூட்டன் அந்த ஊருக்குப் பள்ளிக்கூடம் கட்டிக் கொடுத்தவர்," என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

"பெட்டி ஒன்பதில் அதற்கான கடிதங்கள் இருக்கின்றன," என்றேன். "அதையும் நான் எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றையும் எறியச் சொல்லவில்லை, அம்மா. இதையும் எறியவேண்டாம் என்றுதான் சொல்கிறேன். இந்த நாட்டுக்காரி ஆகும்போது நானும் கையைத் தூக்கி இதே முடிக்குச் சத்தியம் செய்தவள். இந்தப் பதினான்கு பேர் அந்த முடியிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்கள். பதில் தேவையில்லை என்று ஒருவன் எழுதிவிட்டான். இன்றைக்கு நான் கையெழுத்துப் போட்டால் நானும் அதையே எழுதினதாகத்தான் அர்த்தம்."

அந்த அம்மா படிவத்தைப் பட்டியலுக்குக் கீழேயிருந்து இழுத்தெடுத்து, மடித்து, தன் கைப்பைக்குள் வைத்தார். தாள்கள் இருக்கட்டும் என்றார். ஆனால் கண்காட்சியில் மனுக்கள் வேண்டாம், அது ஒரு சந்தோசமான நாளைப் பற்றின கண்காட்சி என்றும் சொன்னார். மேற்பார்வையாளர் தலையாட்டினார். லொறி வெள்ளிக்கிழமை வந்து வேறு குப்பையை ஏற்றிக்கொண்டு போனது.

என் ஒப்பந்தம் நீடிக்கப்படவில்லை. நிதி, குழு, முன்னுரிமை என்று மேற்பார்வையாளர் ஏதேதோ சொன்னார், என் முகத்தைப் பார்க்காமல். எனக்கு விளங்கியது. மீதி இருந்த ஆறு கிழமையில் அந்தப் பதினான்கு தாளுக்கும் பதினான்கு தனிப் பதிவு எழுதினேன். ஒவ்வொன்றிலும் பெயர், அதன் பக்கத்தில் வீட்டுப் பெயர். கடைசி ஆளுக்கு வீட்டைக் காலியாக்கினதையும் எழுதினேன். காரியதரிசியின் சிவப்பு மைக் குறிப்பையும் ஒரு சொல் விடாமல் எழுதி, அது பொய் என்பதற்கு ஆதாரம் எங்கே இருக்கிறது என்றும் எழுதினேன். கண்காட்சிக்கு அந்தப் பட்டியலின் விளக்க அட்டையை எழுதும் வேலையும் என்னிடம்தான் இருந்தது. கடைசி வரியாக இதைச் சேர்த்தேன்: இந்தப் பட்டியலில் இருக்கிறவர்கள் இராணிக்கு எழுதிய மனுக்கள் பெட்டி பதினேழில் இருக்கின்றன, கேட்டு வாங்கிப் பாருங்கள். மேற்பார்வையாளர் அந்த வரியை இரண்டு தரம் வாசித்தார். வெட்டவில்லை. அதற்காக அவருக்கு நான் நன்றி சொன்னேன்.

மே மாதம் திறப்பு விழாவுக்கு அழைப்பு வந்தது. ஒருவரையும் கூட்டிக்கொண்டு வரலாம் என்று இருந்தது. வேறு யாரை? என் பெயரையும் அவள் பெயரையும் எழுதி அனுப்பினேன். பிறம்ரனிலிருந்து காரில் வந்து மல்வேர்னில் என்னை ஏற்றினாள். நல்ல சேலை கட்டியிருந்தாள். "உன்ர பதினாலு மாப்பிளையளையும் பார்க்க வேண்டாமோ?" என்றாள்.

வாசலில் ஒரு மேசை. அதில் பெயர் அட்டைகளை வரிசையாக அடுக்கி வைத்திருந்தார்கள். மேசையில் இருந்த பெண் என் பெயரைத் தேடி எடுத்துச் சிரித்துக்கொண்டே தந்தாள். பிறகு சிநேகிதியின் பெயரைக் கேட்டாள். அவள் சொன்னாள். அந்தப் பெண் என் அட்டையைப் பார்த்தாள், பட்டியலைப் பார்த்தாள்.

"மன்னிக்கவேண்டும்," என்றாள். "அந்தப் பெயர் இரண்டு தடவை வந்திருந்தது. தவறுதலாக இருக்கும் என்று ஒன்றை எடுத்துவிட்டோம். ஒரு அட்டைதான் இருக்கிறது. உங்களில் யார் அது?"

சிநேகிதி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவளுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. எனக்கு முதலில் சிரிப்பு வரவில்லை. அம்மாவின் லொட்ஜ் அறைதான் ஞாபகத்துக்கு வந்தது.

"இரண்டு பேரும்," என்றேன். "ஒரு வெற்று அட்டை தாருங்கள். பேனையும்."

எட்டு மாதம் பென்சிலைத் தவிர ஒன்றும் தொடாத கை இது. தடித்த கறுப்புப் பேனை ஒன்றைத் தந்தாள். சிநேகிதியின் பெயரை எழுதினேன். அதற்குக் கீழே தமிழில், பெரிதாக, மடத்தடி வளவு என்று எழுதினேன். பிறகு என் அட்டையை எடுத்து அச்சடித்த பெயருக்குக் கீழே கிணத்தடி வளவு என்று எழுதினேன். பின்னால் வரிசை நீண்டுகொண்டு போனது. "வடிவா எழுதடி, ஆறுதலா எழுது, நிக்கட்டும் அவை," என்றாள் அவள்.

மேற்பார்வையாளர் எங்களைக் கண்டு வந்தார். கை கொடுத்தார். இரண்டு அட்டையிலும் ஒரே பெயர் இருந்ததைப் பார்த்தார். கீழே இருந்த எழுத்தைக் குனிந்து பார்த்தார்.

"இது என்ன?" என்று மெதுவாகக் கேட்டார்.

"எங்கள் வீட்டுப் பெயர்," என்றேன்.

அவர் நிமிர்ந்து எங்களுக்காகக் கதவைத் திறந்து பிடித்தார். நாங்கள் இரண்டு பேராக உள்ளே போனோம்.